விரால் எதை அடிக்கும்?

திருத்தணி மலையை விட்டு இறங்கி எந்தத் திசையில் போனாலும் சற்று நேரத்தில் ஓர் ஏரிக்கரை வந்துவிடும். தெற்கே அரக்கோணம், மேற்கே ஆர்.கே.பேட்டையும் சோளிங்கரும், வடக்கே பள்ளிப்பட்டும் நகரியும் என்று இந்த வட்டாரம் முழுக்க ஏரியை நம்பிய ஊர்கள். பல்லவர் காலத்து மகேந்திரவாடி ஏரியும் காவேரிப்பாக்கம் ஏரியும் இங்கிருந்து எட்டிவிடும் தூரம்தான். மழை நன்றாகப் பிடித்த வருஷமென்றால் ஐப்பசி தொடங்கிக் கோடை நடுவரை இந்தக் கரைகளில் தூண்டில்காரர்கள் நிற்பார்கள். அவர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு: விராலுக்கு எந்த இரை? மண்புழு என்பார் ஒருவர், தவளை என்பார் இன்னொருவர். புதிதாக ரீலும் பிளாஸ்டிக் கம்பும் வாங்கிய இளைஞர்கள் ரப்பர் தவளையைக் காட்டுவார்கள்.

அமெரிக்காவில் இதே வழக்கு பெருவாய்ப் பாஸ் மீனை வைத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. அந்த மீன் நம் ஏரிகளில் கிடையாது. ஆனால் அது அங்கே செய்யும் வேலையை இங்கே செய்வது விரால். இரண்டும் புதர் ஓரத்தில் அசையாமல் கிடந்து, பக்கத்தில் வருவதை ஒரே பாய்ச்சலில் விழுங்குகிற மீன்கள். இரண்டுக்கும் பெரிய வாய். தவளையும் சிறுமீனும் இரண்டுக்கும் உணவு. அதனால்தான் பாஸ் மீனுக்காக உருவான பொய்யிரைகளில் பல விராலிடமும் பலிக்கின்றன. எல்லாம் பலிப்பதில்லை. எது பலிக்கும், எது பலிக்காது என்பதைப் பெரும்பாலும் ஏரியின் நீரும் செடியும்தான் முடிவு செய்கின்றன. விராலின் நாக்குருசிக்கு அதில் பங்கு குறைவு என்பது என் முடிவு. தூண்டில்காரர்கள் பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை.

முதலில் மீனைப் பற்றி. விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். செவுளுக்கு மேலே இருக்கும் தனி அறையில் காற்றை நிரப்பிக்கொள்ள அடிக்கடி மேலே வரும். ஆகாயத்தாமரை மூடி, ஆக்சிஜன் குறைந்துபோன நீரில் கெண்டை செத்து மிதக்கும்போதும் விரால் பிழைத்துக் கிடப்பது இதனால்தான். ஏரி வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். மேலே வந்து மூச்செடுக்கிற மீன் என்பதால் நீர்ப்பரப்பில் நடப்பதெல்லாம் அதற்குத் தெரியும். உடலின் இரு பக்கமும் ஓடும் உணர்கோடு நீரின் சிறு அதிர்வையும் பிடித்துவிடும். தாமரை இலைமேல் ஒரு தவளை தாவினால் கீழே கிடக்கும் விரால் முதலில் அறிவது அந்த அதிர்வைத்தான். கண்ணுக்குத் தெரிவது அதற்கப்புறம்.

ஆந்திர எல்லையைத் தாண்டினால் விராலுக்குக் கொர்ரமீனு என்று பெயர். தெலங்கானா அதைத் தன் மாநில மீனாகவே அறிவித்திருக்கிறது. 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழகத்தோடு சேர்வதற்கு முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். ஆகவே ஏரிக்கரைப் பேச்சில் இரண்டு பெயரும் புழங்கும். விராலின் உறவில் குரவை சிறியது, பூவிரால் பெரியது. குரவைக்குச் சின்ன முள்ளும் ஒரு துண்டு மண்புழுவும் போதும். அதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை.

உயிரிரையில் முதலிடம் மண்புழுவுக்குத்தான். காசில்லை. எருக்குழி ஓரத்தில் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினால் ஒரு நாளைக்குப் போதுமானது கிடைத்துவிடும். மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, செருப்பு ரப்பரில் வெட்டிய தக்கை, ஒற்றை முள், இவ்வளவுதான் சாமான். புதுவெள்ளம் இறங்கி நீர் செம்மண் நிறத்தில் கலங்கிக் கிடக்கும்போது மண்புழுவை வெல்ல வேறு இரை கிடையாது. கண் பயன்படாத நீரில் மீன் மணத்தையும் நெளிவையும் வைத்துத்தான் இரை தேடுகிறது. ஆனால் மண்புழுவைப் போட்டால் விரால் மட்டும் வராது. கெளுத்தி, குரவை, ஜிலேபி என்று எல்லாம் வந்து கொத்தும். 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்த திலாப்பியாதான் இன்று ஜிலேபி என்ற பெயரில் எங்கள் ஏரிகளை நிறைத்திருக்கிறது. விராலுக்கென்று போட்ட புழுவை அதுவே தின்று தீர்த்துவிடும். பொறுமை உள்ளவருக்கே புழு.

மூங்கில் கம்பைப் பற்றி ஒரு வார்த்தை. குறுந்தொகைப் புலவர் ஒருவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. யானை வளைத்துவிட்ட மூங்கில் நிமிர்வதைத் தூண்டிலோடு ஒப்பிட்ட தொடரே அவர் பெயராகி, மீனெறி தூண்டிலார் ஆனார். மீன் கடித்ததும் வளைந்து நிமிரும் கம்பை அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது சிறுமீன். கெண்டைக்குஞ்சை முதுகுத் துடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு படாமல் முள்ளில் கோத்து நீந்தவிட்டால் விரால் விடவே விடாது. பாஸ் மீனின் உலகச் சாதனைக் கணக்கிலும் உயிர்ச் சிறுமீனுக்கு ஓர் இடம் உண்டு. 1932 ஜூன் 2-ஆம் தேதி ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பெருவாய்ப் பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், நம் கணக்கில் 10 கிலோவுக்கு மேல். அவர் வீசியது மரத்தாலான பொய்யிரை. அந்தச் சாதனையை 77 ஆண்டுகள் கழித்து, 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா சமன் செய்தார். அவர் விட்டது உயிருள்ள சிறுமீன். இரு கட்சிக்காரர்களும் ஆளுக்கு ஒரு சாதனையை வைத்துக்கொண்டு இன்னும் வாதாடுகிறார்கள்.

தவளை விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: உயிர்த்தவளையை முள்ளில் கோர்க்கக் கூடாது. பலிக்கும் இரைதான், ஒரு காலத்தில் விராலுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்றே சொல்வார்கள். ஆனால் தொடையில் முள் ஏறிய தவளை சாக நெடுநேரம் ஆகும். அதோடு வயலுக்குத் தவளை வேண்டும். தவளைக்கால் ஏற்றுமதியில் இந்தியா முன்னணியில் இருந்த காலம் ஒன்று உண்டு. தவளை குறைந்தால் பயிர்ப்பூச்சி பெருகும் என்ற கவலை வலுத்தபின் 1987-இல் அந்த ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலிலும் தவளை இடம்பெற்றது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ரப்பரில் அதே வேலை நடக்கும்போது உயிரைக் குத்தவேண்டிய தேவையே இல்லை.

கோழிக்குடல், ஈரல் போன்றவை கெளுத்திக்கு. ஆப்பிரிக்கக் கெளுத்தி புகுந்துவிட்ட நீர்நிலைகளில் இவற்றைப் போட்டால் அதுதான் வரும். 2000-ஆம் ஆண்டிலேயே வளர்ப்புக்குத் தடை வந்த மீன் அது. பிள்ளைப்பூச்சியும் வெட்டுக்கிளியும் நல்ல இரைகள், பருவத்தில் மட்டும். மைதா மாவு, கடலைப்புண்ணாக்கு, தவிடு எல்லாம் கட்லா, ரோகு பிடிப்பவர்களின் கலை. அதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும். விரால் மாவைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

இனிப் பொய்யிரை. இதன் வரலாற்றில் கம்பெனிகளின் ஆராய்ச்சிக்கூடத்தைவிடத் தனி மனிதர்களின் கைவேலைதான் அதிகம். கரண்டித் துண்டு போன்ற உலோகத் தகட்டுக்கு அமெரிக்கரான ஜூலியோ புவெல் 1852-இல் காப்புரிமை வாங்கினார். மிச்சிகன் மாநிலத்தின் டவாஜியாக் ஊரில் ஜேம்ஸ் ஹெடன் 1890-களின் கடைசியில் மரத்தில் தவளை செதுக்கிப் பாஸ் பிடித்தார். ஃபின்லாந்து மீனவர் லௌரி ரப்பாலா, பெரிய மீன்கள் அடிபட்டு ஒருச்சாய்ந்து நீந்தும் சிறுமீனையே தேடித் தாக்குவதைக் கவனித்தவர். 1936-இல் கார்க் மரத்தைச் சீவி, சாக்லேட் சுற்றும் காகிதத்தை மேலே ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூசி அந்தத் தள்ளாட்டத்தைக் கொண்டுவந்தார். ஒஹையோவின் நிக் கிரீம் 1949-இல் தன் வீட்டு அடுப்பில் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி மண்புழு வார்த்தார். மீனை நன்றாகப் பார்த்தவரால்தான் மீனை ஏமாற்ற முடிந்திருக்கிறது.

நம் பக்கத்திலும் அப்படிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். சென்னை மாகாண சிவில் அதிகாரியான ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்திய ஆறுகளின் தூண்டில் மீன்பிடிப்பு பற்றிப் பெரிய நூல் எழுதினார். 1887-இல் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனி நூல் ஒன்றையும் எழுதினார். ஆற்று மீனுக்கான முறையை ஏரியில் அப்படியே வைத்துக்கொள்ள முடியாது என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. இன்று கடையில் வண்ணவண்ணமாகத் தொங்கும் பொய்யிரைகளை வாங்குகிறவர்கள் மறப்பது இதைத்தான். அவற்றில் பாதிக்கு மேல், செடி இல்லாத ஆழமான தெளிந்த ஏரிகளுக்காகச் செய்தவை. எங்கள் ஏரிகளில் முழங்கால் ஆழத்தில் வேலம்பாசி, இடுப்பு ஆழத்தில் அல்லி, கரையோரம் கோரையும் சம்பும், உள்ளே நட்டுவைத்த கருவேல மரங்களின் முள்ளும் கட்டையும். மூன்று கொக்கி தொங்கும் பொய்யிரையை இதில் வீசினால் முதல் வீச்சிலேயே அது பாசியில் மாட்டிக்கொள்ளும். நரம்பை அறுக்க வேண்டியதுதான்.

ரப்பர் தவளை இங்கே ஜெயிப்பதற்குக் காரணம் அதன் அமைப்பு. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் விளங்கும். உள்ளே கூடாக இருக்கும் மெல்லிய ரப்பர் உடல், கட்டைவிரல் பருமன். அடியில் சிறு ஈயம், வீசியதும் வயிறு கீழாக உட்கார்வதற்கு. இரட்டை முள்ளின் தண்டு உடலுக்குள்ளே ஓடி, இரண்டு கூர்முனையும் முதுகை ஒட்டி மேல்நோக்கி வளைந்திருக்கும். விரலை முதுகில் தடவினால் முள் குத்தாது. அப்படியே அழுத்தினால் ரப்பர் உள்ளே அமுங்கி முள் வெளியே தலைகாட்டும். செடியின்மேல் இழுக்கும்போது எதிலும் மாட்டாமல் வழுக்கி வருகிறது. விரால் வாயை இறுக்கினால் மட்டும் முள் வெளியே வருகிறது. பின்னால் கால்களுக்குப் பதில் ரப்பர் இழைக் குஞ்சம் அல்லது சுழலும் தகடு. தகடு வைத்தது ஓசை எழுப்பும், கலங்கிய நீருக்கு நல்லது. அமைதியான காலை நீரில் குஞ்சமே போதும்.

வீசுவதில் ஒரு நிதானம் வேண்டும். அல்லி இலைக்கூட்டத்துக்கு அப்பால் விழும்படி வீசி, விழுந்த அலை அடங்கும்வரை விட்டுவிட வேண்டும். பிறகு கம்பு நுனியைச் சிறிது தட்டி இலைமேல் ஏற்றி, இலை விளிம்பில் நிறுத்தி, சிறு இடைவெளி நீரில் இறக்க வேண்டும். விரால் அடிப்பது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். நீர் உடைகிற ஓசையோடு தவளை காணாமல் போகும். புதியவர்கள் எல்லோரும் சறுக்குவது இந்த இடத்தில். ஓசை கேட்ட பதற்றத்தில் வெடுக்கென இழுத்தால் தவளை மட்டும் பறந்து கரைக்கு வரும். விரால் முதலில் கவ்வுகிறது. வாயில் திருப்பிக்கொண்டு கீழே இறங்குவது அதன் பிறகுதான். கம்பைத் தாழ்த்தி, நரம்பு இறுகுவதைக் கை உணரும்வரை பொறுத்து, அப்புறம் ஓங்கி இழுக்க வேண்டும். இழுத்தபின் இரக்கம் காட்ட நேரமில்லை. செடிக்குள் தலையை நுழைத்துவிட்டால் மீன் போனது போனதுதான். இதற்கு நீளாத பின்னல் நரம்பும் விறைப்பான கம்பும் தேவை. நைலான் இழுபடும், முள் ஏறாது.

விரால் பல் ரப்பரைக் கிழித்துவிடும். கிழிந்த தவளைக்குள் நீர் புகுந்து மூழ்கத் தொடங்கும். சில வீச்சுக்கு ஒருமுறை பிழிந்து வெளியேற்றலாம். கிழிசல் பெரிதானால் சைக்கிள் பஞ்சர் பசையால் ஒட்டிக்கொண்டு சில நாள் ஓட்டலாம்.

நிறத்தைப் பற்றித்தான் கரையில் அதிகச் சண்டை. பாஸ் மீனை வைத்து இல்லினாய் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 2019-இல் வெளியானது. அந்த மீன் சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறிகிறது. பளீர் மஞ்சளை வெள்ளையோடும், நீலத்தைக் கறுப்போடும் குழப்பிக்கொள்கிறது. விராலுக்கும் அப்படியே என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் மேலே மிதக்கும் தவளையைக் கீழிருந்து வானத்துக்கு எதிரே பார்க்கும் மீனுக்கு முதுகின் புள்ளியும் கோடும் தெரியப் போவதில்லை. அதன் கண்ணில் படுவது வயிறும் நிழலுருவமும். விடியலிலும் அந்தியிலும் கறுப்புத் தவளை, வெயிலில் வெளிர் வயிறு உள்ளது என்று இரண்டு வைத்திருந்தால் போதும். முதுகின் ஓவியம் வாங்குகிற மனிதருக்காக வரைந்தது.

செடி குறைந்த, பரந்த நீர் வேறு கதை. 1944-இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கம் திருத்தணிப் பக்கத்துக்குப் பெரிய நீர்நிலை, கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. இதுபோன்ற இடத்தில் ரப்பர் தவளைக்கு வேலை குறைவு. உலோகக் கரண்டியும், ரப்பாலா வகைச் சிறுமீன் உருவமும், தகடு சுழலும் பொய்யிரையும் இங்கே உதவும். தொலைவுக்குப் பறக்கும், ஆழத்தில் ஓடும், சிறுமீன் கூட்டத்தைத் துரத்தும் மீனின் கண்ணில் படும். ஆனால் குடிநீர் ஏரியில் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. ஊர் ஏரிகளிலும் மீன்பாசி குத்தகை உண்டு. குத்தகைக்காரரைக் கேட்டுவிட்டு இறங்குவதுதான் முறை. திருத்தணி மலையடிவாரத்துக் கோயில் குளமான சரவணப் பொய்கையில் தூண்டில் பேச்சுக்கே இடமில்லை என்பதை ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பூண்டியைத் தாண்டிய கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலைச் சேர்கிறது. அங்கே பாஸ் என்று உலகம் அழைக்கும் மீன் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது: கொடுவா. ஆசியக் கடல் பாஸ் என்றும், ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்றும் சொல்வது இதைத்தான். ஆணாக வளர்ந்து, பெரிதானபின் பெண்ணாக மாறும் மீன். முட்டையிடுவது முகத்துவாரத்து உப்புநீரில், குஞ்சு வளர்வது கழிமுகத்திலும் நன்னீரிலும். 1987-இல் சென்னையில் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-இல் இதைக் கட்டுப்பாட்டுச் சூழலில் இனப்பெருக்கம் செய்துகாட்டியது. உயிர் இறாலும் மடவைக் குஞ்சும் இதற்குச் சிறந்த இரை. ஓதம் திரும்பும் நேரத்தில் பாலத்தூண் ஓரமாக ஓட்டிய மென்பிளாஸ்டிக் மீனும் அவற்றுக்கு இணையாகப் பலிக்கும். செவுள் மூடி கத்திபோல அறுக்கும் என்பதால் நரம்பு நுனியில் தடித்த நரம்பு ஒரு முழம் சேர்க்க வேண்டும். ஆனால் எண்ணூர்க் கழிமுகத்தில் இரையைப் பற்றிப் பேசும்போது நீரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அனல்மின் சாம்பல் பல ஆண்டுகளாகக் கலந்த நீர் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் வந்து படகையும் வலையையும் அலையாத்தியையும் கறுப்பாக்கியது. சுத்தமான நீர் இல்லாத இடத்தில் எந்தப் பொய்யிரையும் நல்லதில்லை.

எங்கள் ஏரிகளுக்குத் திரும்பினால், இரையைவிட முக்கியமான ஒன்று மிச்சமிருக்கிறது. மழைக்காலத்தில் நீர்ப்பரப்பில் உள்ளங்கையளவு செந்நிறத் திட்டு ஒன்று குமிழியிட்டபடி நகர்வதைப் பார்க்கலாம். நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள் ஒன்றாக மேலே வந்து மூச்செடுக்கின்றன. கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். அந்தத் திட்டின் நடுவே எதை வீசினாலும், கரண்டியோ தவளையோ வெறும் ரப்பர் துண்டோ, பெரிய விரால் சீறி அடிக்கும். அது பசியில் அடிப்பதில்லை, குஞ்சைக் காக்க அடிக்கிறது. இப்படிப் பிடித்ததைப் படமெடுத்துத் தவளையின் பெருமை பேசுவது வழக்கமாகிவருகிறது. எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. எந்த இரை சிறந்தது என்ற கேள்விக்கு அந்த மீன் எந்தப் பதிலும் சொல்லவில்லை. காவல் போன கூட்டத்தைக் குரவையும் ஜிலேபியும் கெளுத்தியும் சீக்கிரமே தின்றுவிடும். ஒரு மீனுக்காக ஓர் ஏரியின் அடுத்த வருஷ விராலில் ஒரு பங்கு போகிறது. திட்டைக் கண்டால் வேறு மூலைக்குப் போய்விட வேண்டும்.

தெரியாமல் அடித்துவிட்டால் உயிரோடு விடலாம். விரால் கெட்டி உயிர், ஈரக் கையால் பிடித்து உடனே விட்டால் பிழைத்துக்கொள்ளும். அதற்கு முள்ளின் எதிர்க்கூரைக் குறடால் முன்கூட்டியே நசுக்கியிருக்க வேண்டும். கழற்றுவது நொடியில் முடியும், வாய் கிழியாது. மூன்று கொக்கிப் பொய்யிரையில் அவற்றை எடுத்துவிட்டு ஒற்றை முள் மாட்டுவதும் நல்லது. அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டும். கருவேல மரத்தில் தொங்கும் நைலானில் கால் சிக்கிய கொக்கை ஒருமுறை பார்த்தவர் நரம்பைக் கரையில் விட்டுவர மாட்டார்.

எங்கள் பக்கத்து ஏரிக்கு வருஷத்தின் கணக்கு இப்படி வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் புதுநீர் கலங்கல், மண்புழு. குஞ்சுத் திட்டுகள் கண்ணில் படும் காலமும் அதுவே, ஆகையால் கண் நீரின்மேலேயே இருக்க வேண்டும். மார்கழி கடைசியில் நீர் தெளிந்து, தை, மாசியில் அல்லியும் பாசியும் பரப்பை மூடும்போது ரப்பர் தவளையின் காலம். விடியற்காலை பனி விலகியபின் கொஞ்சம் வெயில் ஏறட்டும். குளிர்ந்த நீரில் விரால் மந்தமாகக் கிடக்கும். பங்குனியில் நீர் கரையை விட்டு உள்வாங்கிச் செடி சேற்றில் படுத்துவிடும். திறந்து கிடக்கும் நடு நீரில் சிறு கரண்டியும் சுழல்தகடும் எடுபடும். சித்திரை வெயிலில் மிச்ச நீர் குட்டையாகச் சுருங்கி எல்லா மீனும் ஒரே இடத்தில் ஒடுங்கியபின் தூண்டிலுக்கு அங்கே வேலையில்லை. குத்தகைக்காரரின் வலை இறங்கும், அதற்கும் தப்பிய விரால்கள் சேற்றுக்குள் போய்விடும்.